எட்டு ஓம்

கிளாத்தித்துறைக் கடல் நாலு பேரை வைத்துக்கொண்டு படகை மட்டும் திருப்பித் தந்தது. ஏன் என்று கேட்பவர்கள் கடலிடம் போய்க் கேட்கட்டும். படகுக்காரர் சம்மாட்டி அருளப்பு, அவரிடம் தொழிலுக்குப் போன நிக்சன், மெற்றில்டாவின் இரட்டைப் பெடியன்கள் ஜூட்டும் ஜெராட்டும், இந்த நாலு பேரும் ரேடியோ போகாதே போகாதே என்று கத்திய ஒரு விடியலில், "வாடைக்காத்து எனக்கு மச்சான் முறை, அவன் என்னை என்ன செய்யப் போறான்" என்று அருளப்பு சொன்ன ஒரு சொல்லுக்காகப் படகைத் தள்ளிக்கொண்டு போனார்கள். போனவர்களைத் தேடி ஊரே போய், அடுத்த ஊரும் போய், எல்லோரும் வெறுங்கையோடு திரும்பி வந்து, கடைசியில் முப்பத்தோராம் நாள் பூசைக்கு உடல் இல்லாமல் நாலு படங்களை வைத்து மாலை போட்டோம்.

அந்தப் பூசைக்கு ஒலிபெருக்கி கட்டியவன் சூசைதாசன். திருநாளுக்கும் கலியாணத்துக்கும் அவன்தான் கட்டுவான். அவனிடம் ஒரு பெரிய அம்பிளிபயர் இருந்தது, ஊரில் அம்பிளி என்போம். நாலு பேஸ் பெட்டிகளும் இருந்தன, சப்வூஃபர் என்று அவன் சொல்லுவான், பாட்டுப் போட்டால் காதில் விழாது, நெஞ்சில் விழும், அந்தச் சாமான். மைக்கை இன்னும் கொழுவவில்லை, பாட்டும் போடவில்லை, அம்பிளியிலிருந்து பெட்டிகளுக்கு வயர் மட்டும் கொடுத்து சுவிச்சு ஆளியைத் தட்டினான். தட்டியதும் நாலு பெட்டியிலிருந்தும் நாலு இதயம் அடிக்கத் தொடங்கியது.

ஃபாதர் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு வாசகத்தைத் தொடர்ந்தார்.

முதலில் எழும்பியவள் நிக்சனின் பெண்சாதி ஜெசிந்தா. நிக்சனுக்குச் சின்ன வயதில் காய்ச்சல் வந்து இதயம் பழுதுபட்டது, அது மூன்றுமுறை அடித்து நாலாவதை விழுங்கிவிடும், அந்த விழுங்கல் எவ்வளவு நேரம் என்று கலியாணம் கட்டிய நாளிலிருந்து அவன் நெஞ்சில் காது வைத்துத் தூங்கிய ஜெசிந்தாவுக்குத் தெரியும், ஆகையால் அவள் முழந்தாளிலிருந்து எழும்பி நேரே மூன்றாவது பெட்டியிடம் போய்க் காதை வைத்து, "இது இவர்" என்றாள். மெற்றில்டாவுக்கு அந்தச் சிரமமும் இல்லை, இரண்டு பெட்டிகள் ஒரே அடியாக, மயிரிழை முந்திப் பிந்தி அடித்துக்கொண்டிருந்தன, "முந்திறவன் ஜூட், பிறக்கேக்கயும் அவன்தான் முந்தினவன்" என்று சொல்லி இரண்டுக்கும் நடுவில் குந்திவிட்டாள். மிச்சப் பெட்டி நிதானமாக, துடுப்புப் போடுவதுபோல அடித்தது. அருளப்புவின் மனைவி லூர்தம்மா அதைத் தள்ளி நின்று கேட்டு, "சோறு திண்டு போட்டுப் படுத்தா மனுசனுக்கு இப்பிடித்தான்" என்றாள்.

அவ்வளவுதான் நடந்தது. அதற்குப் பிறகு நடந்ததுதான் கதை.

மற்ற அம்பிளிகளும் கொண்டுவந்து கொழுவிப் பார்த்தார்கள், வெறும் இரைச்சல்தான் வந்தது. சூசையின் அம்பிளியில்தான் அவர்கள் இருந்தார்கள். ஆகவே அதை நிறுத்தக் கூடாது என்று ஊர் முடிவெடுத்தது, கரண்ட் போனால் ஐஸ் ஃபக்டரியின் ஜெனரேற்றர் ஓடியது, சூசையின் வீட்டு முன்னறையில் அம்பிளியை மேசையில் ஏற்றி, அங்கிருந்து வீட்டுக்கு வீடு கிடுகு வேலியிலும் பூவரசிலும் வயர் கட்டி, எதில் யாருடைய ஆளோ அவர் வீட்டுக்கு அந்தப் பெட்டி போனது. ஊர் இரண்டு கிழமைக்குள் பழகிவிட்டது. அழுகிற குழந்தைகளைக் கொண்டுவந்து லூர்தம்மா வீட்டுப் பெட்டியோடு சாய்த்துவிட்டால் தூங்கின. வலை பொத்துகிறவர்கள் இரட்டையர்களின் அடிக்குக் கை ஓட்டினார்கள். நிக்சன் விழுங்குகிற இடத்தில் கோழிகூடக் கொத்துவதை நிறுத்தித் தலையைத் தூக்கியது என்று சொல்லுகிறார்கள், நான் கோழியைப் பார்க்கவில்லை. அயலூரார் மெழுகுதிரியோடு வந்தார்கள். "இது கோயில் இல்லை, வீடு" என்று மெற்றில்டா அவர்களை விரட்டினாள்.

அரசாங்கக் கடதாசி எழுதுகிற விதானையார் மட்டும்தான் சங்கடப்பட்டார். மரணப் பதிவுக்குப் போன லூர்தம்மாவோடு வந்து பெட்டியில் காதை வைத்துக் கேட்டார்.

"அம்மா, நெஞ்சு அடிக்கிற ஆளை நான் எப்பிடிச் செத்ததெண்டு எழுதிறது? மேலிடத்தில என்னைக் கேப்பினம்."

"அப்ப உயிரோட இருக்கிறார் எண்டு எழுதித் தாங்கோ."

"அதுக்கு ஆளைக் காட்டோணும்."

"ஆள் இருந்தா உன்னட்ட ஏன் வாறன்?" என்று லூர்தம்மா கதவைச் சாத்தினாள்.

வந்த கரைச்சல் அம்பிளியிலிருந்து வந்தது. அது கொதித்தது. மூடியில் கை வைக்க முடியவில்லை, வைத்த ஈரச் சாக்கு ஆவியாகப் போனது, வாசம் எரிந்த வெங்காயம்போல வந்தது. சூசை மூன்று பெண்களையும் கூப்பிட்டான்.

"உந்தப் பெட்டியின்ர முதுகில என்னெண்டு எழுதியிருக்கு, பாத்தனீங்களோ?"

"நீ சொல்லன்" என்றாள் மெற்றில்டா.

"எட்டு ஓம்."

"எட்டு ஓமோ? எதுக்கு என்ர பிள்ளை எட்டுத்தரம் ஓமெண்டவன்?"

எங்கள் பக்கத்தில் ஓம் என்றால் சம்மதம். சோறு போடவோ, ஓம். கலியாணம் செய்வமோ, ஓம். தண்ணி இறைத்தாயோ, ஓமோம். இந்த ஒரு சொல்லால் வந்த வினை கொஞ்சமில்லை, அன்று பின்னேரத்துக்குள் அருளப்பு எட்டு ஓம், நிக்சன் எட்டு ஓம், பெடியன்கள் ஆளுக்கு எட்டு ஓம் சொல்லியிருக்கிறார்கள் என்று ஊர் முழுக்கப் போய்விட்டது. எதற்குச் சொன்னார்கள் என்பதில்தான் பல கட்சி. வருகிறேன் என்கிறார்கள் என்றது ஒரு கட்சி. வா என்கிறார்கள் என்றது இன்னொன்று. அந்தக் கட்சிக்காரர் கொஞ்ச நாள் கடலுக்குப் போகவில்லை.

சூசை தலையில் அடித்துக்கொண்டான். "அக்கா, இது அந்த ஓம் இல்லை. அம்பிளி பெட்டியைப் பாத்து உள்ளுக்க வரட்டோ எண்டு கேக்கும். பெட்டி உடன விடாது, மறிக்கும். எவ்வளவு மறிக்குதோ, அதைத்தான் ஓம் கணக்கில சொல்லுறது. ஓம் கூடினா மறுப்புக் கூட."

"மாட்டன் எண்டுறதை ஓம் எண்டு எண்ணுறது எந்த ஊர்க் கணக்கு?"

"வெள்ளைக்காரன்ர கணக்கு."

"அதுதானே பாத்தன்."

"கேளுங்கோ. திருநாள் முடிஞ்சு கோயிலுக்க இருந்து சனம் வெளிக்கிடுது. ஒரு கதவு எண்டால் இடிபட்டு மெல்லத்தான் போகும். பக்கத்தில பக்கத்தில நாலு கதவு திறந்து விட்டால்? பாஞ்சு போகும். கோயில் வெறுமையாகிப் போகும். நான் நாலு பெட்டியையும் அப்பிடித்தான் கட்டியிருக்கிறன், சமாந்தரமா. ஒவ்வொரு கதவும் எட்டு மறிக்கும், ஆனா நாலும் சேர்ந்தா ரெண்டுதான் மறிக்கும். இந்த அம்பிளிக்குக் குறைஞ்சது நாலு மறிக்க வேணும். அதுக்குக் கீழ போனா அது தன்ர ரத்தத்தை எல்லாம் ஊத்தி ஊத்திக் கருகிப் போகும். மறுப்புக் காணாமல் போனாலும் சாவுதான்."

"அப்ப என்ன செய்ய?"

"ரெண்டு பெட்டியை ஒரே வயரில ஒண்டுக்குப் பின்னால ஒண்டாக் கட்டினா, ஒரு கதவைத் தாண்டித்தான் மற்றக் கதவு. எட்டும் எட்டும் பதினாறு. அம்பிளி ஆறுதலா இருக்கும். ஆனா ரெண்டு விசயம். சத்தம் குறையும், ரெண்டு இதயமும் கலந்து ரெண்டு பெட்டியிலயும் கேக்கும். அதோட, ஒண்டு அறுந்தா மற்றதும் நிண்டு போகும். தனிச்சு நிக்காது."

மெற்றில்டா யோசிக்கவே இல்லை. "என்ர வயித்துக்க கலந்து கிடந்தவங்கள்தானே. கட்டு" என்றாள். கட்டினான். அதற்குப் பிறகு அவள் வேலியால் எட்டிப் பார்க்கிறவர்களுக்கெல்லாம், "உங்கட ஆக்கள் எட்டு, என்ர பெடியள் பதினாறு ஓம்" என்று சொன்னாள். அது மறுப்பு என்று சூசை படித்துப் படித்துச் சொன்னதை அவள் காதில் போடவில்லை. போடத்தான் வேண்டுமா?

ஆனால் கணக்கு இன்னும் மூன்றும் சொச்சமும்தான். நாலுக்கு வரவில்லை. அருளப்புவையும் நிக்சனையும் அதேமாதிரி ஒரே வயரில் கட்டினால் எல்லாம் சேர்த்து எட்டு, அம்பிளி ஊர் அழியும்வரை ஓடும். சூசை ஜெசிந்தாவைப் பார்த்தான்.

"மாட்டன்" என்றாள் அவள்.

அவள் சத்தம் போட்டுக் கதைத்ததை ஊர் கண்டதில்லை. அன்றும் சத்தம் போடவில்லை. "என்ர மனுசன் சம்மாட்டியாருக்குப் பின்னால போனது காணும். அண்டைக்கு ரேடியோ கத்தக் கத்த, அவர் வா எண்டார், இவர் போனார். இவருக்கு ஆருக்கும் மாட்டன் எண்டு சொல்லத் தெரியாது. இவருக்கும் சேர்த்து நான் சொல்லுறன். அந்த மனுசன்ர நெஞ்சடிப்பு என்ர வீட்டுக்க கேக்கக் கூடாது."

லூர்தம்மா அந்த இடத்தில்தான் நின்றாள். தலைச் சேலையை இழுத்து விட்டுக்கொண்டு போனாள்.

சூசை ஒருதரம் சொல்லியிருந்தான், சும்மா கிடக்கிற பெட்டியில் மீற்றர் வைத்தால் ஆறைத்தான் காட்டும், வேலை செய்யத் தொடங்கினால்தான் அது எட்டு, அதுவும் சத்தத்துக்குச் சத்தம் கூடிக் குறையும், ஒருத்தர் வந்து கேட்கும்வரைக்கும் ஒரு பொருளில் எவ்வளவு மறுப்பு இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது என்று. ஜெசிந்தாவை நாங்கள் எல்லோரும் சும்மா கிடக்கையில் அளந்து வைத்திருந்தோம். பிறகு ஃபாதர் போய்க் கேட்டார், கன்னியாஸ்திரிகள் போய்க் கேட்டார்கள், தாய்வீட்டார் வந்து கேட்டார்கள், கேட்கக் கேட்க அவளுடைய மாட்டன் பெருத்தது. "அப்ப உன்ர பெட்டியைக் கழட்டினாப் போச்சு, மிச்சம் எல்லாம் சரியா வரும்" என்று ஐஸ் ஃபக்டரி மனேச்சர் ஒரு நியாயம் சொன்னார். "சம்மாட்டியாற்ற பெட்டியைக் கழட்டினாலும் அதே கணக்குத்தானே?" என்றாள். கணக்கு அதேதான். மனேச்சர் தேத்தண்ணியைக் குடிக்காமல் எழும்பினார்.

ஊர் ஐஸ் கட்டியது. கட்டிக் கட்டியாக ஐஸ், மேசைக்குக் கீழே கிடாரத்தில், மேலே காற்றாடி, பெண்கள் முறைவைத்துச் சாக்கு நனைத்தார்கள், மீனுக்கு வைக்கிற ஐஸ் அம்பிளிக்குப் போனதால் மீன் கெட்டது, கெட்ட மீனைக் கருவாடு போட்டோம், கருவாட்டு நாற்றத்துக்குள் நாலு பேரும் அடித்துக்கொண்டு கிடந்தார்கள்.

ஒரு மத்தியானம் அம்பிளி நின்றது.

அந்த அமைதியை எப்படிச் சொல்ல. வலை பொத்திக்கொண்டிருந்தவர்களின் கைகள் நடுவில் நின்றன, தூங்கிய பிள்ளைகள் எல்லாம் ஒரேயடியாக எழும்பி வீரிட்டன, மெற்றில்டா உலையை விட்டுவிட்டுத் தலைவிரி கோலமாகத் தெருவால் ஓடி வந்து சூசையின் வீட்டுக்குள் பூந்து அம்பிளியைக் கட்டிப்பிடித்தாள், கட்டிப்பிடித்த கை வெந்தது, அவள் விடவில்லை. சூசை மூடியைக் கழற்றி, ஐஸைத் துணியில் சுற்றி வைத்து, வைத்து எடுத்து வைத்து, வெயில் சாயும் நேரத்தில் ஆளியைத் தட்டினான். அடித்தது. மூன்று அடித்து ஒன்றை விழுங்கியது. இரட்டையர்கள் முந்திப் பிந்தி வந்தார்கள். சம்மாட்டி கடைசியாக வந்தார்.

மெற்றில்டா வெந்த கையோடு ஜெசிந்தாவின் படலைக்குப் போனாள்.

"எடியே, உன்ர ஒரு மாட்டனுக்கு என்ர ரெண்டு பிள்ளையளும் எரியோணுமே? நீ கட்டி எத்தனை மாசம்? நான் பெத்தனான்! ரெண்டையும் ஒரே நாளில பெத்து ஒரே நாளில குடுத்தனான்! உனக்கு மனுசன், எனக்கு மோன். உனக்கு இன்னொண்டு வரும். எனக்கு வருமோ?"

ஜெசிந்தா கதவைத் திறந்து வெளியே வந்தாள். மெற்றில்டாவின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். உள்ளே போய் வேப்பெண்ணெய் கொண்டுவந்து, அவள் ஏசஏசப் பூசிவிட்டாள். பூசி முடிந்ததும் சூசையின் வீட்டுக்கு நடந்தாள். மேசையில் கிடந்த வயர் வெட்டுகிற குறட்டை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

"ஓமோ?" என்றான் சூசை.

"வாயால சொல்லமாட்டன். செய்யுங்கோ."

செய்தான். அம்பிளி குளிர்ந்தது. ஐஸ் மீனுக்குப் போனது.

அன்றிலிருந்து ஜெசிந்தாவின் வீட்டில் இரண்டு இதயம். நிக்சனுடையது பாதிச் சத்தம். மற்றது சம்மாட்டியுடையது. அவள் பெட்டிக்கு முதுகைக் காட்டிப் படுத்துப் பார்த்தாள். தலையணையால் மூடிப் பார்த்தாள், மூடினால் நிக்சனும் போனான். வேறு வழியில்லாமல் காதை வைத்து, இரண்டையும் பிரித்து ஒன்றை மட்டும் கேட்கப் பழகினாள், அரிசியில் கல் பொறுக்குவதுபோல. அப்படிப் பொறுக்கிக்கொண்டிருந்தபோதுதான் ஒன்றைக் கண்டுபிடித்தாள், நிக்சன் நாலாவது அடியை விழுங்குகிற இடத்தில் சம்மாட்டியும் அடிப்பதில்லை. நிற்கிறார். நிக்சன் திரும்ப வரும்வரை நிற்கிறார். வந்ததும் கூடப் போகிறார்.

அவள் சம்மாட்டி வீட்டுக்குப் போனாள். அந்தப் படலையைத் திறப்பது படகு போன நாளுக்குப் பிறகு அதுதான் முதல்தரம். லூர்தம்மா பெட்டிக்குப் பக்கத்தில் இருந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"மாமி, கேட்டனீங்களோ?"

"கேக்குறன். உன்ர மனுசன் நொண்டேக்க இவர் நிண்டு பாத்துக்கொண்டு நிக்கிறார்."

"அது வயர் வேலை. ஒண்டு நிண்டா மற்றதும் நிக்குமாம். சூசையண்ணை சொன்னவர்."

"ஓம் பிள்ளை. வயர் வேலைதான்." லூர்தம்மா வெங்காயத்தைக் கீழே வைத்தாள். "உயிரோட இருக்கேக்க இந்த மனுசன் ஆருக்கும் நிண்டதில்லை. என்னைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனாலும் பத்துப் பாகத் தூரம் முன்னால போவார். வயராவது ஒரு புத்தி சொல்லிக் குடுத்திருக்கு."

ஜெசிந்தா சிரித்துவிட்டாள். சிரித்ததற்காக அழுதாள். லூர்தம்மா அவளைத் தொடவில்லை, சுளகில் பாதி வெங்காயத்தை அவள் பக்கம் தள்ளிவிட்டாள்.

அதற்குப் பிறகு அவள் அங்கே போய் வந்துகொண்டிருந்தாள். மன்னித்தாளா என்று கேட்காதீர்கள், அதை அவள் சொல்லவில்லை. வெங்காயம் உரித்தாள். "உங்கட ஆள் நேற்று கொஞ்சம் பிந்தி வந்தவர்" என்பாள். "பனிக்குணம்" என்பாள் லூர்தம்மா. ஊர் அதற்கும் பழகியது. ஊர் எதற்கும் பழகும், அதுதான் ஊரின் வேலை.

கடற்கரையில் எது இருந்தாலும் உப்புக்குத்தான். இரும்பைத் தின்னும், சுவரைத் தின்னும், பெட்டிக்குள் இருக்கும் மயிர்போன்ற செப்புக் கம்பியை விடுமா. மாசி மாதத்து ஒரு காலையில் சம்மாட்டியின் பெட்டியிலுள்ள கம்பிச் சுருள், கொயில் என்பான் சூசை, அறுந்தது. சம்மாட்டி நின்றார். அதே வயரில் இருந்த நிக்சனும் நின்றான். சூசை மீற்றரை வைத்தான், முள் அசையவில்லை. "முழு மறுப்பு" என்றான். புதுக் கொயில் சுற்றிப் போட்டுப் பார்த்தான். பெட்டி வேலை செய்தது, மீற்றர் சரியாகக் காட்டியது, பாட்டுப் போட்டால் பாடியது, சம்மாட்டி வரவில்லை.

லூர்தம்மா அந்த அறுந்த கொயிலைக் கேட்டு வாங்கினாள். வெள்ளைத் துணியில் சுற்றினாள். "இப்ப எழுதுவீரோ?" என்று விதானையாரிடம் கேட்டாள், அவர் தொப்பியைக் கழற்றிவிட்டு எழுதிக் கொடுத்தார். ஃபாதர் பெரிய புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்தார், ஆளுயரப் பெட்டி செய்து அதற்குள் விரல்நீளச் செப்புச் சுருளை வைத்து, மணி அடித்து, ஊரெல்லாம் பின்னால் நடந்து, சம்மாட்டி அருளப்புவைச் சவக்காலையில் அடக்கம் செய்தோம். தூக்கியவர்கள் பாரமாக இருந்தது என்றார்கள். இருந்திருக்கும்.

இனி நிக்சனுக்குத் தடையில்லை. சம்மாட்டி இல்லாத கணக்கில் அவனுடைய பெட்டியைத் தனியே, நேரே, அம்பிளிக்குக் கொடுக்கலாம். இரட்டையர்களின் பதினாறும் அவனுடைய எட்டும் சேர்ந்தால் ஐந்துக்கு மேல், ஐஸ் வேண்டாம், காற்றாடி வேண்டாம். முதல் நாளிலிருந்து ஜெசிந்தா கேட்டது இதைத்தான். கலப்பில்லாத நிக்சன், முழுச் சத்தத்தில், அவள் வீட்டுக்குள், யாருக்கும் பின்னால் இல்லாமல். சூசை அடக்கம் முடிந்து வந்த கையோடு கட்டிக் கொடுத்தான்.

வந்தான். நெஞ்சுக்கூடு அதிர வந்தான். மூன்று அடித்தான். நாலாவதை விழுங்கினான்.

அந்த இடத்தில் ஒருவரும் நிற்கவில்லை.

முன்பும் அந்த இடத்தில் சத்தம் இருந்ததில்லை, வாஸ்தவம்தான். இரண்டு பேர் பேசாமல் நிற்கிற இடமும் ஒருத்தன் தனியே நிற்கிற இடமும் காதுக்கு ஒன்றுபோலத்தான் கேட்கும், காதுக்கு மட்டும். ஜெசிந்தா அன்று முழுக்க அதைக் கேட்டாள். அடுத்த நாளும் கேட்டாள். அந்தப் பள்ளத்தில் இறங்கினால் கடல்தான், நாலு பக்கமும் கடல், நடுவில் மாட்டன் என்று சொல்லத் தெரியாத ஒருத்தன், அடுத்த அடியை எடுத்து வைப்பதற்கு யாரையாவது பார்க்கிறான், பார்க்க ஆளில்லை.

மூன்றாம் நாள் அவள் பெட்டியைக் கழற்றி இடுப்பில் தூக்கிக்கொண்டு, வயர் பின்னால் இழுபட, மெற்றில்டா வீட்டுக்குப் போனாள். பார்த்தவர்கள் சூசையைக் கூட்டிவர ஓடினார்கள். மெற்றில்டா முற்றத்தில் பாரை மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"அக்கா, இவர் தனிச்சுப் போனார். உங்கட பெடியளோட விடுங்கோ."

மெற்றில்டா செதிளைச் சுரண்டினாள். "நீ அப்ப மாட்டன் எண்டனி."

"ஓம்."

"என்ர பிள்ளையள் எரிஞ்சாலும் மாட்டன் எண்டு நிண்டனி."

"ஓம் அக்கா."

சூசை வந்து மூச்சு வாங்கிக்கொண்டு நின்றான். விசயத்தைக் கேட்டதும் அவனுக்குக் கோபம் வந்தது. "உங்களுக்கென்ன விசரே? இப்ப எல்லாம் சரியாத்தானே ஓடுது! மூண்டையும் ஒரே வயரில போட்டா இருபத்துநாலு. அம்பிளி தட்டித் தட்டிப் பாத்துட்டுப் போயிடும், உள்ளுக்க வராது. சத்தம் செத்துப் போகும் அக்கா. காதுக்குக் கேக்காது, கையை வச்சாத் தெரிஞ்சாத் தெரியும். அதோட, உப்பு ஒண்டைத் திண்டால் மூண்டும் போச்சு. நல்லா யோசியுங்கோ. இவளுக்கு இல்லை, உங்களுக்குச் சொல்லுறன். உங்களுக்குத்தான் நட்டம்."

மெற்றில்டா கத்தியைக் கழுவினாள். கையைக் கழுவினாள், வெந்த தோல் இன்னும் சிவப்பாக இருந்தது. உள்ளே இரண்டு பெட்டிகளும் அடித்துக்கொண்டிருந்தன, முந்திறவன் முந்தி, பிந்திறவன் பிந்தி. அவள் அதைக் கொஞ்ச நேரம் கேட்டாள். ஊர் வேலிக்கு வெளியே நின்றது. ஒருத்தரும் நியாயம் சொல்லவில்லை.

"சூசை."

"சொல்லுங்கோ."

"நடுவில போடு."

"என்ன?"

"நிக்சனை நடுவில போடு. படகில அவன் நடுவிலதானே இருக்கிறவன். முன்னுக்கு ஜூட், பின்னுக்கு ஜெராட்."

"அக்கா, ஒரே வயரில நடு, கரை எண்டு ஒண்டும் இல்லை. எங்க போட்டாலும் இருபத்துநாலுதான். எல்லாம் ஒண்டுதான்."

"நடுவில போடு எண்டுறன்!"

நடுவில் போட்டான்.

ஊர் அமைதியானது. இம்முறை பிள்ளைகள் வீரிடவில்லை, ஒன்றிரண்டு எழும்பிச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பவும் படுத்தன. கன நாளைக்குப் பிறகு கடல் தன்னுடைய சத்தத்தில் கேட்டது. சூசையின் மேசையில் அம்பிளி பச்சை விளக்கை எரித்துக்கொண்டு, குளிர்ந்துபோய், வேலையில்லாத ஆள்போல் இருந்தது. அதை அவன் நிறுத்தவில்லை, இன்றுவரை நிறுத்தவில்லை, இன்னொரு அம்பிளி வாங்கித்தான் திருநாளுக்குக் கட்டுகிறான்.

அன்று பொழுதுபடும் மட்டும் இரண்டு பெண்களும் அந்த மூன்று பெட்டிகளுக்கு முன்னால் நிலத்தில் இருந்தார்கள். மெற்றில்டா ஒரு கையை ஜூட்டிலும் மறு கையை ஜெராட்டிலும் வைத்திருந்தாள். ஜெசிந்தா உள்ளங்கையை விரித்து நடுப் பெட்டியின் கறுத்த மட்டையில் வைத்து, பிறகு கண்ணை மூடிக்கொண்டாள்.

"அடிக்குதோ?" என்றாள் மெற்றில்டா.

ஜெசிந்தா விரல்களை இன்னும் விரித்தாள். கொஞ்சம் பொறுத்து, "உங்களுக்கு?" என்றாள்.

"நீ முதல் சொல்லு."

வெளியே யாரோ படகு இழுக்க ஆள் கூப்பிட்டார்கள். மீன் முற்றத்தில் கிடந்தது, பூனை வந்தது. இரண்டு பேரும் கையை எடுக்கவில்லை.